பொன்னியின் செல்வன்: கடம்பூர் மாளிகையை விட்டு இன்னும் வெளியே வராதவர்கள்

கொள்ளிடக்கரையான்:
கதை எல்லாருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில் பிணமாகக் கிடக்கிறான், அவன் நண்பன் வந்தியத்தேவன் கொலைப்பழியில் மாட்டிக்கொள்கிறான். வேறு மர்மக் கதையாக இருந்தால் ஆளாளுக்கு "நான் இல்லை" என்பார்கள். இங்கே அந்த மாளிகைப் பெண் மணிமேகலை "நான்தான் கொன்றேன்" என்கிறாள். சோழ நாட்டின் தனாதிகாரி பெரிய பழுவேட்டரையரும் பிறகு வந்து தன் கத்திதான் என்கிறார். ஐந்து பாகம் எழுதிய கல்கி, கொன்றவர் இவர்தான் என்று அடித்துச் சொல்லவே இல்லை. அதைக்கூட விட்டுவிடலாம். அந்தப் பெண் எதற்காகப் பழியை ஏற்கிறாள்? வந்தியத்தேவன் மனசில் இருப்பது கரிகாலனின் தங்கை குந்தவை. அவனைக் காப்பாற்ற இவள் பொய் சொல்கிறாள். அந்தப் பக்கத்துக்கு வந்தால் இப்போதும் மேலே படிக்க ஓடவில்லை. உங்களுக்கு எந்த இடம்?

வீராணத்துக்காரி:
எனக்கு நாவலில் இல்லை, கல்லில். காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரம் கோயிலுக்குப் போயிருந்தேன். நாவல் தொடங்குகிற வீராணம் ஏரி அங்கேதான், மேலக்கடம்பூரும் பக்கம்தான். கரிகாலனின் தம்பி ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. "பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனை"க் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாஸன், பரமேஸ்வரன் பெயர்கள் வருகின்றன. நான் தேடிப் போனது, நாவலில் சதிகாரனாக வரும் ரவிதாஸன் பெயரைத்தான். ஆனால் என்னை நிறுத்தியது அதற்கு அடுத்த வரிகள். அவர்கள் சொத்து மட்டும் போகவில்லை. பிள்ளைகள், மனைவிமார், தாய்மாமன்மார், உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள், மகள்களைக் கட்டியவர்கள் என்று உறவு உறவாகச் சொல்லி எல்லார் சொத்தும் போகிறது. மகளைக் கட்டிக்கொண்டவன் என்ன செய்தான்? கரிகாலனுக்காக அழுத நான் அன்றைக்கு யாரென்றே தெரியாத அந்த மருமகன்களுக்காக வருத்தப்பட்டேன்.

பழையாறை வாசகன்:
மேலே எழுதியவர் முக்கியமானதை விட்டுவிட்டார். கரிகாலன் இறந்தது 969 வாக்கில். ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985இல். நடுவில் ஆண்டது அவர்களுடைய சித்தப்பா முறையான உத்தம சோழன். இத்தனை வருஷம் கொலைகாரர்கள் நிம்மதியாக இருந்தார்கள் என்றால் என்ன அர்த்தம்? வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியே உத்தம சோழன்மேல் சந்தேகப்பட்டிருக்கிறார். நாவலில் உத்தம சோழனாகிற சாதுவான சேந்தன் அமுதனை மனசில் வைத்துக்கொண்டு வரலாற்றைப் பார்க்காதீர்கள். இதைச் சொல்லி என் சித்தப்பாவிடம் ஒரு கல்யாண வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சாப்பிட்ட இலையை மூடாமலே எழுந்து போனார். "செம்பியன் மாதேவி பெத்த பிள்ளைடா அது" என்றார். எனக்குச் சந்தேகம் இன்னும் போகவில்லை.

திருவையாற்று மகள்:
அம்மாவுக்குக் கண் மங்கிய பிறகு நான்தான் வாசித்துக் காட்டினேன். கொலை நடந்த அத்தியாயம் முடிந்ததும் யார் கொன்றார்கள் என்று அம்மா கேட்கவில்லை. "தஞ்சாவூர்ல நடக்க முடியாம படுத்திருக்காரே அவங்கப்பா, அவர்கிட்ட யாருடி போய்ச் சொல்லுவா?" என்றார். கரிகாலன் தன் பெற்றோருக்காகக் காஞ்சியில் பொன்மாளிகை கட்டி, வாருங்கள் வாருங்கள் என்று ஓலை அனுப்புவானே, அதை மறுபடி வாசிக்கச் சொன்னார். சுந்தர சோழரைக் கல்வெட்டுகள் "பொன்மாளிகைத் துஞ்சின தேவர்" என்கின்றன என்று பிற்பாடு தெரிந்தபோது, சொல்ல அம்மா இல்லை.

ஏட்டுச்சுவடி:
நானும் உடையார்குடி போனேன், உச்சிவெயிலில் ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. போகிறவர்களுக்குச் சொல்கிறேன். வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் போங்கள், அப்போதுதான் வெட்டின பள்ளத்தில் நிழல் தங்கும். தயவுசெய்து மாவு, விபூதி, சாக்பீஸ் எதையும் எழுத்தின்மேல் தேய்க்காதீர்கள். கிளம்பும் முன் கல்வெட்டு வாசகங்களை வெளியிட்ட எபிகிராஃபியா இண்டிகா 21ஆம் தொகுதியில் வந்த வாசகத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் வரலாற்றையும் படியுங்கள். உத்தம சோழன்மேல் பழி போடுவதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பழையாறை வாசகன் அதையும் படித்துவிட்டு வந்து சித்தப்பாவிடம் பேசட்டும். அந்தக் கல்வெட்டு கொலை வழக்கின் தீர்ப்பு இல்லை, பறிமுதலான நிலத்தைப் பற்றிய ஆவணம். 2ஆம் ஆண்டில் நடந்தது அந்த நிலத்தைப் பற்றிய ஏற்பாடு. சொத்தைப் பறித்தது எப்போது என்று அதை வைத்து எப்படி முடிவு கட்டுவீர்கள்? இன்னொன்று, ரவிதாஸனுக்கு அதில் "பஞ்சவன் பிரமாதிராஜன்" என்ற பட்டம் இருக்கிறது, பரமேஸ்வரனுக்கு "இருமுடிச்சோழ பிரமாதிராஜன்". பிராமண அதிகாரிகளுக்குத் தரும் பட்டம் அது. காட்டில் பதுங்கித் திரிந்த சதிகாரன் கல்கி படைத்தவன். கல்லில் இருப்பவர்கள் அரசாங்கத்திலேயே பெரிய ஆட்கள்.

பழையாறை வாசகன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். சோழப் பட்டம் வாங்கியவன் சோழ இளவரசனைக் கொல்கிறான் என்றால் அவனுக்குத் தைரியம் கொடுத்தது யார்? பண்டாரத்தாரைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

கொள்ளிடக்கரையான்:
சண்டை நடக்கட்டும். வீராணத்துக்காரி, அந்த மருமகன்கள் வருகிற வரி எந்தச் சுவரில், எந்த உயரத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள். தை மாதம் அந்தப் பக்கம் வருகிறேன்.