கரண்டு, நீராவி இல்லாத காலத்துல ஐரோப்பா சுரங்கத்துல தண்ணி எப்படி இறைச்சாங்க? எதுலேர்ந்து படிக்க ஆரம்பிக்கறது?

மஞ்சக்குப்பத்துப் பொண்ணு:
வணக்கம். கடலூர்ல இருக்கேன், எம்.ஏ. ஹிஸ்டரி ரெண்டாம் வருஷம். அப்பா நெய்வேலி சுரங்கத்துல பம்ப் பாத்துக்கிட்டு இருந்து ரிட்டயர் ஆனவரு, அங்க பழுப்பு நிலக்கரிக்கு அடியில தண்ணி முட்டிக்கிட்டு நிக்கும், ராப்பகலா இறைச்சிட்டே இருக்கணும், சின்ன வயசுலேர்ந்து இதக் கேட்டே வளந்ததால ப்ராஜெக்டுக்கு 1500கள்ல ஐரோப்பாக்காரங்க இத எப்படிச் சமாளிச்சாங்கன்னு எடுத்திருக்கேன். நெட்ல தேடுனா எல்லாமே நீராவி எஞ்சின்லேர்ந்துதான் ஆரம்பிக்குது. லத்தீனும் ஜெர்மனும் தெரியாது.

பழைய பட்டறை:
யோசிக்காம அக்ரிகோலாவ எடும்மா. 'டி ரே மெட்டாலிகா', சுரங்க வேலையப் பத்தி அவரு லத்தீன்ல எழுதுன புக்கு, 1556ல சுவிட்சர்லாந்து பாசல்ல அச்சானது. யோவாக்கிம்ஸ்டால்ங்கிற சுரங்க ஊர்ல வைத்தியம் பாத்தவரு, புக்கு வர்றதுக்கு முந்துன வருஷமே போய்ச் சேந்துட்டாரு, பாவம். 1912ல ஹெர்பர்ட் ஹூவரும் அவரு சம்சாரம் லூவும் இங்கிலீஷ்ல கொண்டுவந்தாங்க, பின்னாடி அமெரிக்க ஜனாதிபதி ஆனாரே அதே ஹூவர்தான், மைனிங் எஞ்சினியர். நெட்ல இலவசமாவே கெடைக்குது. நேரா ஆறாவது பாகத்துக்குப் போ. ஒரு பம்ப்ல சங்கிலி பூரா தோல் உருண்ட, உள்ள முடி அடச்சது, குழாய்க்குள்ள ஒவ்வொன்னா ஏறும்போது தண்ணியத் தூக்கிட்டு வரும். கார்பாத்தியன் மலையில ஷெம்னிட்ஸ்ல இந்த மாதிரி மூணு, ஒன்னுக்கு மேல ஒன்னா, அடியில இருக்கறது 660 அடி ஆழத்துல. இத ஓட்ட 96 குதிர! அதுங்க எறங்கறதுக்குன்னே திருகு மாதிரி சுத்திச் சுத்திப் போற சரிவுப் பாதை வெட்டியிருக்காங்க. இதப் படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரல.

பாண்டி வாசகன்:
அண்ணன் சொன்னது சரி, ஆனா எல்லா புக்குப் படத்தையும் அப்படியே நம்பிடாதீங்க. ராமெல்லின்னு ஒரு இத்தாலி எஞ்சினியர் 1588ல பாரிஸ்ல போட்ட மெஷின் புக்குல 195 படம், பாக்க அவ்ளோ அழகு, நெறைய மெஷின் காகிதத்துல மட்டுமே ஓடுனது. அதுல இத்தாலியனும் பிரெஞ்சும் சேத்தே இருக்கும், பிரெஞ்சு படிச்சவங்களுக்கு நம்ம புதுச்சேரியில பஞ்சமா, ஒருத்தரப் பக்கத்துல உக்கார வச்சுக்கங்க. அந்தக் காலத்து அச்சுல எஸ் எழுத்து எஃப் மாதிரியே இருக்கும், யூவும் வியும் ஒன்னுக்கொன்னு மாறி வரும், மொத வாரம் எனக்குக் கண்ணே சுத்திடுச்சு, அப்புறம் பழகிடும். சுரங்கத்துக் கணக்குப் புத்தகம் ஏதாச்சும் கெடச்சா விடாதீங்க, பம்ப்புக்குத் தோல் எவ்ளோ வாங்குனாங்க, குதிரைக்குத் தீனி எவ்ளோன்னு பாத்தாதான் அது நெசமா ஓடுச்சான்னு தெரியும்.

மஞ்சக்குப்பத்துப் பொண்ணு:
ரொம்ப நன்றிண்ணா ரெண்டு பேருக்கும். நேத்து ராத்திரி ஆறாவது பாகத்துல ஒரு படத்த அப்பாகிட்ட காட்டுனேன், ஒரே தண்ணிச் சக்கரம், மூணு பம்ப் அடுக்கடுக்கா, கீழ உள்ளது தொட்டியில ஊத்துது அத மேல உள்ளது உறிஞ்சுது. கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஏ, பி, சின்னு போட்டிருக்கற எழுத்த ஒவ்வொன்னா வெரல் வச்சுப் பாத்துட்டு, "ஒரே உறிஞ்சுல முப்பது அடிக்கு மேல தண்ணி ஏறாதும்மா, அதுக்குத்தான் நடுவுல தொட்டி"ன்னாரு. அது ஏன்னு இத்தாலி விஞ்ஞானி டோரிசெல்லி காத்தோட அழுத்தத்த வச்சுச் சொன்னது 1640கள்ல, இந்தப் படம் அச்சாகி ஏறக்குறைய 90 வருஷம் கழிச்சு! ப்ராஜெக்ட அந்தத் தொட்டியிலேர்ந்தே ஆரம்பிக்கப் போறேன்.

பழைய பட்டறை:
மத்த படத்தையும் அப்பாகிட்ட காட்டும்மா. அவரு சொல்றத அவரு வார்த்தையிலயே தேதி போட்டு எழுதி வை.