தமிழ்வழியில் படித்தவர்கள் உயர்நிலை ஆங்கிலச் சொற்களைக் கற்பது எப்படி?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை வாசகி

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தேன். இப்போது பொருளியல் முதுகலை பயின்றுகொண்டே ஒன்றிய அரசுப் பணிகளில் பட்டதாரிகளைச் சேர்க்கும் எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வுக்கும் ஆயத்தமாகி வருகிறேன். பாடநூல் ஆங்கிலம் ஓரளவு புரிகிறது. ஆனால் ஆய்வுக்கட்டுரையையோ ஆங்கில நாளிதழின் தலையங்கத்தையோ எடுத்தால் பத்திக்கு நான்கைந்து சொற்கள் வழிமறிக்கின்றன. பயிற்சி மையத்தில் கொடுத்த சொற்பட்டியலை அகரவரிசையில், தமிழ்ப் பொருளுடன் மனப்பாடம் செய்து வருகிறேன். பட்டியலில் பார்க்கும்போது பொருள் நினைவுக்கு வருகிறது. அதே சொல் வாக்கியத்துக்குள் வந்தால் தடுமாறுகிறேன். எழுத உட்கார்ந்தாலோ ஒன்றுகூட வருவதில்லை. உடன் படிக்கும் மலையாள மாணவியரும் இதையே சொல்வதால், தமிழ்வழிக் கல்வியை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எந்தச் சொற்களை முதலில் கற்க வேண்டும், எவ்வாறு கற்றால் அவை பயன்பாட்டுக்கு வரும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: தேவிகுளம் ஆசிரியர்

தங்கைக்கு வணக்கம். "எந்தச் சொற்கள்" என்று முதலில் கேட்டீர்கள். பலர் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏவ்ரில் காக்ஸ்ஹெட், கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய துறைகளின் நூல்களையும் கட்டுரைகளையும் திரட்டி, சுமார் 35 லட்சம் சொற்கள் கொண்ட தொகுப்பை ஆராய்ந்து, எல்லாத் துறைகளிலும் பரவலாக வரும் 570 சொற்குடும்பங்களை (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) 2000ஆம் ஆண்டில் பட்டியலிட்டார். மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட அடிப்படைப் பட்டியலில் உள்ள சுமார் 2,000 சொற்குடும்பங்கள் வாசகருக்கு ஏற்கெனவே தெரியும் என்று கொண்டு, அவற்றை விலக்கிய பின் எஞ்சியவை இவை. இந்த 570 மட்டுமே அத்தொகுப்பில் பத்தில் ஒரு பங்காக அமைந்திருக்கின்றன. கதை இலக்கியத்தில் இவற்றின் பங்கு நூற்றுக்கு ஒன்றரையைக்கூட எட்டவில்லை. ஆகவே பொருளியல் படிக்கும் உங்களுக்கு 'பெல்லிகோஸ்' (சண்டைக்குணமுள்ள) போன்ற பகட்டான சொல்லைவிட 'அலொகேட்', 'கன்ஸ்ட்ரெயின்', 'ஃப்ளக்சுவேட்', 'இம்ப்ளிசிட்' ஆகியவை பல மடங்கு பயன்படும். அந்தப் பட்டியல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் தெரியாதவற்றை மட்டும் குறித்துக்கொண்டு தொடங்குங்கள்.

இனி, கற்கும் முறை. ஒரு சொல்லுக்கு நேரே ஒரு தமிழ்ச் சொல்லை எழுதியதும் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதால்தான் வாக்கியத்தில் அதே சொல் அந்நியமாகத் தெரிகிறது. 'மிட்டிகேட்', 'அலீவியேட்' இரண்டுக்குமே 'தணித்தல்' என்று எழுதிவிடலாம். ஆயினும் ஆங்கிலத்தில் எழுதுவோர் முன்னதை இடர், சேதம், பாதிப்பு ஆகியவற்றோடும், பின்னதை வலி, வறுமை, துன்பம் ஆகியவற்றோடும்தான் பெரும்பாலும் சேர்க்கிறார்கள். விதிமுறை கடுமையாக இருந்தால் 'ஸ்ட்ரின்ஜென்ட்' என்பார்கள். பயிற்சியோ ஆய்வோ கடுமையாக இருந்தால் 'ரிகரஸ்' என்பார்கள். எனவே தனிச்சொல்லைக் குறிப்பேட்டில் எழுதாமல், அது எந்தச் சொற்றொடரில் வந்ததோ அந்தச் சொற்றொடரையே எழுதி, தமிழ்ப் பொருளை அடியில் சிறிதாகக் குறித்துக்கொள்ளுங்கள். பயில்வோருக்கென்றே எழுதப்பட்ட ஆங்கில அகராதி ஒன்றைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். லாங்மன் அகராதி விளக்கங்களைச் சுமார் 2,000 எளிய சொற்களைக் கொண்டே எழுதுகிறது என்பதால், விளக்கத்தைப் புரிந்துகொள்ள இன்னோர் அகராதி தேடும் நிலை வராது. ஒலிப்பையும் அதிலேயே கேட்டுவிடுங்கள். 'எபிட்டமி' என்பதை 'எபிடோம்' என்றும், 'ஹைப்பர்பொலி' என்பதை 'ஹைப்பர்போல்' என்றும் படித்துப் பழகியவர்களுக்கு, பிறர் பேசும்போது தெரிந்த சொல்லே புரியாமல் போகிறது.

பதில்: நகரியிலிருந்து

உங்கள் சித்தூர் வேறு, எங்கள் ஆந்திரச் சித்தூர் வேறு; தொல்லை மட்டும் ஒன்றுதான். ஆசிரியர் கூறியது முதுகலைப் படிப்புக்கு மிகவும் சரி. ஆனால் தேர்வுக்கு அது முழுமையாகப் பொருந்தாது என்பது என் கருத்து. எஸ்.எஸ்.சி. முதற்கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 வினாக்கள், 50 மதிப்பெண்கள். தவறான விடைக்கு அரை மதிப்பெண் போய்விடும். இரண்டாம் கட்டத்தில் 45 வினாக்கள். ஒருபொருட்சொல், எதிர்ச்சொல், ஒரு தொடருக்கு ஒரு சொல் என்று நேரடியாகக் கேட்கிறார்கள். 'மிஸந்த்ரோப்' (மனிதரை வெறுப்பவர்) என்ற சொல்லை எந்தப் பொருளியல் கட்டுரையில் போய்ச் சந்திப்பது? அதற்குப் பட்டியல் வேண்டும்தான். எனினும் அகரவரிசைப் பட்டியலை விட்டுவிட்டு, முந்தைய ஆண்டு வினாத்தாள்களிலிருந்து நீங்களே தொகுப்பது நல்லது. அகரவரிசையில் ஒத்த உருவமுள்ள சொற்கள் அடுத்தடுத்து வந்து ஒன்றையொன்று குழப்பிவிடும்.

வேர்ச்சொற்களும் கைகொடுக்கும். நம்புதல் என்ற பொருளுடைய 'கிரெட்' என்னும் லத்தீன் வேரை அறிந்தால் 'கிரெடிபிள்', 'கிரெடுலஸ்', 'கிரீடன்ஸ்', 'டிஸ்கிரெடிட்' நான்கும் ஒரே குடும்பம் என்று தெரிந்துவிடும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. 'பெடஸ்ட்ரியன்' என்பதில் இருப்பது பாதத்தைக் குறிக்கும் லத்தீன் வேர். 'பெடகாகி' என்பதில் இருப்பது குழந்தையைக் குறிக்கும் கிரேக்க வேர். எழுத்து ஒன்றுபோல் இருப்பதால் உறவும் உண்டு என்று கொள்ளக் கூடாது.

பதில்: மீனாட்சிபுரம்

மறதியைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். கற்றது முதல் சில மணி நேரங்களிலேயே பெரும்பகுதி மறந்துவிடுகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இலேயே சோதித்து எழுதிவிட்டார். இடைவெளியைக் கூட்டிக்கூட்டித் திரும்பப் பார்ப்பதுதான் வழி. செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய பெட்டி முறை எளியது: ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் பொருளும் எழுதிய அட்டைகளில், சரியாகச் சொன்ன அட்டை, இன்னும் தாமதமாகத் திருப்பிப் பார்க்கும் அடுத்த பெட்டிக்குப் போகும், தவறினால் முதல் பெட்டிக்கே திரும்பும். இதையே கணினியிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் இலவசமாகச் செய்து தரும் செயலி 'ஆங்கி'.

கேள்வியாளர்

ஆசிரியர் ஐயாவுக்கும் நகரி அண்ணனுக்கும் மீனாட்சிபுரத்தாருக்கும் நன்றி. நாளொன்றுக்கு எத்தனை சொற்கள் வைத்துக்கொள்ளலாம்? எல்லாவற்றையும் அட்டையிலேயே கற்க முடியுமா?

பதில்: தேவிகுளம் ஆசிரியர்

முடியாது. எளிமைப்படுத்தப்படாத ஆங்கில நூலில் நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்பது சொற்கல்வி ஆய்வாளர் பால் நேஷனின் கணக்கு. மிகத் தேவையானவற்றுக்கு மட்டும் அட்டை. மற்றவை வாசிப்பில்தான் சேர வேண்டும். நாளுக்கு ஐந்து புதிய சொற்கள் போதும், ஏனெனில் பழையவற்றைத் திருப்பிப் பார்க்கவும் நேரம் வேண்டும். உங்கள் ஊர் வாசகசாலையில் ஆங்கில நாளிதழ் வருமானால், ஒரே பொருளைப் பற்றி வருவதை இரண்டு வாரம் விடாமல் படியுங்கள். பணவீக்கம் என்று எடுத்துக்கொண்டால் அதே முப்பது நாற்பது சொற்கள் வெவ்வேறு வாக்கியங்களில் மீண்டும் மீண்டும் வருவதைக் காண்பீர்கள். பிறகு செய்தித்தாளை மூடிவைத்துவிட்டு, படித்ததை ஐந்து ஆங்கில வாக்கியங்களில் எழுதுங்கள். எழுதியதை இங்கே இட்டால் திருத்தித் தருகிறேன்.