வேலூரில் ஓடும் இசட்4-க்கு ரன்ஃப்ளாட்டா, சாதா டயரா?

காட்பாடி_கூரைதிறப்பு
கையில் இருப்பது செகண்ட் ஹாண்டில் வாங்கிய பிஎம்டபிள்யூ இசட்4, இ89 மாடல், கூரை திறக்கும் இரண்டு சீட் வண்டி. டயர் அளவு முன்னால் 225/40 ஆர்18, பின்னால் 255/35 ஆர்18 (மி.மீ.-யில் அகலம் / அதில் பக்கச்சுவர் உயரம் எத்தனை சதவீதம், ரிம் எத்தனை அங்குலம்). நாலுமே கம்பெனி கொடுத்தபடி ரன்ஃப்ளாட், அதாவது காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரகம். பின் டயர் இரண்டும் முடிந்துவிட்டன. வெளியே நின்று பார்த்தால் இன்னும் ஒரு வருஷம் ஓடும் போலத்தான் தெரிகிறது. லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால் உள்விளிம்பில் ரப்பர் வழுக்கையாகி நூல் எட்டிப் பார்க்கிறது. முன் டயரில் பாதி பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கும் ரப்பர் கட்டை, இருக்கிறது.

வாரநாளில் காட்பாடி–பாகாயம், லீவு நாளில் பெங்களூர் ரோடு, எப்போதாவது ஏலகிரி. மறுபடியும் ரன்ஃப்ளாட்டே போடுவதா, மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் மாதிரி சாதா டயருக்கு மாறுவதா? எதைப் போட்டாலும் நாலுக்கும் சேர்த்து லட்சத்தைத் தொடும் போலிருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன்.

ஆம்பூர்_ஸ்டியரிங்
யோசிக்கவே வேண்டாம் தம்பி, சாதா டயருக்கு மாறிவிடுங்கள். காற்றில்லாமலே வண்டியைத் தாங்க வேண்டும் என்பதற்காக ரன்ஃப்ளாட்டின் பக்கச்சுவரைக் கெட்டியாகச் செய்கிறார்கள். அந்தக் கெட்டிதான் ஒவ்வொரு பள்ளத்தையும் நேராக ரிம்முக்கும் உங்கள் இடுப்புக்கும் அனுப்புகிறது. 255/35 என்றால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் 9 செ.மீ. கூட முழுசாக இல்லை. அந்தக் கொஞ்சமும் வளைந்து கொடுக்காது என்றால் அலாய் என்னத்துக்கு ஆகும்? என் 3 சீரிஸில் மாற்றிவிட்டேன், வண்டியின் சுபாவமே மாறிவிட்டது.

மக்கன்பேடா_மணி
பாய், நீங்கள் சொல்வது பகல் கணக்கு. ராத்திரி பதினொன்றுக்கு மழையில், வாணியம்பாடி கிட்டே டயர் போனால்? இசட்4-ல் ஸ்டெப்னி கிடையாது, வைக்க இடமும் கிடையாது. கூரை மூடியிருந்தால் டிக்கி 310 லிட்டர், திறந்தால் வெறும் 180. எப்படியோ ஒரு ஸ்டெப்னியைத் திணித்துக்கொண்டு போனாலும், கழற்றிய 255 சக்கரத்தை எங்கே வைப்பார்? பக்கத்து சீட்டில் இருப்பவர் மடியிலா?

ரன்ஃப்ளாட்டில் காற்று சுத்தமாக இறங்கினாலும் 80 கி.மீ. வேகத்துக்குள் சுமார் 80 கி.மீ. தூரம் ஓட்டலாம். வாணியம்பாடியில் போனால் வேலூர் வீட்டு வாசலுக்கே வந்துவிடலாம். லாரிகள் உரசிக்கொண்டு போகும் ரோட்டில் ஓரமாக நின்று குனிய வேண்டியதில்லை.

ஆம்பூர்_ஸ்டியரிங்
வாசலுக்கு வந்தாச்சு. அப்புறம்? காற்றில்லாமல் அத்தனை தூரம் ஓடிய டயருக்கு உள்ளே என்ன ஆனது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதைப் பஞ்சர் ஒட்ட நல்ல கடைக்காரர் தயங்குவார், தயங்கவும் வேண்டும். ஆக, ஒரு ஆணிக்கு ஒரு டயர் காலி. இந்த அளவு ரன்ஃப்ளாட் நம்ம பக்கம் எந்தக் கடையில் தயாராகத் தொங்குகிறது? சென்னைக்கோ பெங்களூருக்கோ சொல்லிவிட்டு, வண்டிக்குக் கவர் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

சாதா டயரில் அதே ஆணி என்றால் ஆணியைப் பிடுங்காமல் விடுங்கள். 12 வோல்ட் பம்பில் காற்றடித்து, அடுத்த பஞ்சர் கடை வரை மெதுவாக உருட்டிப் போங்கள். ஒரு டீ குடிப்பதற்குள் ஓட்டையில் ரப்பர் ஸ்ட்ரிப் திணித்துக் கொடுத்துவிடுவார்கள்.

மக்கன்பேடா_மணி
ஆணிக்குச் சரி. வாலாஜா தாண்டி சென்னைப் பக்கம் ஆறுவழி வேலைக்காகத் திருப்பிவிடும் இடங்களைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே கல் குத்திப் பக்கச்சுவர் வெட்டினால் உங்கள் பம்பும் ஸ்ட்ரிப்பும் என்ன செய்யும்?

ஆம்பூர்_ஸ்டியரிங்
பக்கச்சுவர் பெரிசாகக் கிழிந்தால் ரன்ஃப்ளாட்டும் தாங்காது மணி. அதைத் தாங்க வேண்டியதே அந்தச் சுவர்தானே. அப்போது இரண்டு பேருக்கும் டோயிங் வண்டிதான்.

அரக்கோணம்_பாசஞ்சர்
இரண்டு பேரும் அவர் பாக்கெட்டை மறந்துவிட்டீர்கள். எங்கள் ஊர்ப்பக்கம் இச்சிபுத்தூரில் எம்ஆர்எஃப் ஆலை இருக்கிறது, டயர் எங்களுக்குப் புதுசில்லை. பாகாயம் ட்ராஃபிக்கில் ஊர்ந்து போவதற்கு பைலட் ஸ்போர்ட் எதற்கு? டச்சு கம்பெனி வ்ரெடஸ்டைனை 2009-ல் நம்ம அப்பல்லோ டயர்ஸ் வாங்கியது. அதில் இந்த அளவு கிடைக்கிறதா என்று கேளுங்கள். பின்னால் இரண்டை மட்டும் மாற்றுங்கள், முன்னால் தேயும்வரை ஓடட்டும்.

மக்கன்பேடா_மணி
ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர், வள்ளல் பெயர்களாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள். பாரி வளைவில் போய் டயரில் கஞ்சத்தனமா?

பிராண்டு எதுவாகவும் இருக்கட்டும். ஆனால் முன்னால் ரன்ஃப்ளாட், பின்னால் சாதா என்று கலக்கவே கூடாது. முன்பக்கம் விறைப்பாகத் திரும்பும், பின்பக்கம் ஒரு நொடி தாமதித்து நெளியும். பின் சக்கரத்தில் இழுக்கும் வண்டி இது, மழையில் சறுக்கினால் மலை ரோட்டில் திருத்த இடமிருக்காது. இரண்டுதான் மாற்றுவேன் என்றால் பின்னாலும் ரன்ஃப்ளாட்டே போடட்டும்.

ஆம்பூர்_ஸ்டியரிங்
கலக்கக் கூடாது என்பதில் நான் மணி பக்கம்.

நேதாஜிமார்க்கெட்_சீனு
டயர் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன் சார். உள்விளிம்பு மட்டும் ஏன் தேய்ந்தது என்று இத்தனை பேரில் ஒருவரும் கேட்கவில்லையே! பிஎம்டபிள்யூ பின் சக்கரங்கள் மேல்பக்கம் கொஞ்சம் உள்ளே சாய்ந்துதான் இருக்கும், அது வளைவில் பிடிப்பதற்காக. அதனால் உள்பக்கம் சற்று அதிகம் தேய்வது இயல்பு. நூல் தெரியும் அளவுக்குப் போனால் டோ, அதாவது சக்கரம் நேராகப் பார்க்கும் கோணம், விலகியிருக்கலாம்; பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்மின் ரப்பர் புஷ் போயிருக்கலாம். அதைப் பார்க்காமல் எந்த டயர் போட்டாலும் அதே இடத்தில்தான் தேயும். முன்னும் பின்னும் வேறு அளவு என்பதால் மாற்றிப் போட்டு ஓட்டவும் வழியில்லை.

அப்புறம் டயரில் எழுதியிருப்பதைப் படியுங்கள். இந்த வண்டிக்கு வரும் ரன்ஃப்ளாட்டில் பாரக் குறியீடு முன்னால் 88, பின்னால் 90. அதாவது ஒரு டயர் முறையே 560, 600 கிலோ வரை தாங்கும். பைலட் ஸ்போர்ட் 4எஸ் இந்த அளவில் எக்ஸ்எல் (கூடுதல் பாரம் தாங்கும்) ரகமாக 92, 94 என்று வரும், அது போதும். எந்த பிராண்டானாலும் பழைய எண்ணுக்குக் கீழே இறங்காதீர்கள். தயாரித்த தேதி நாலு இலக்கத்தில் இருக்கும், 3522 என்றால் 2022-ன் 35-வது வாரம். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய பிறகு இந்த மாதிரி அபூர்வ அளவுகளுக்கு அலைய வேண்டியதாகிவிட்டது. கிடைத்ததே என்று தேதி பார்க்காமல் வாங்கிவிடக் கூடாது.

அரக்கோணம்_பாசஞ்சர்
சீனு, நைட்ரஜன் அடிக்கச் சொல்லலாமா? நம்ம வேலூர் வெயிலுக்கு?

நேதாஜிமார்க்கெட்_சீனு
சும்மா காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் சார். அந்தக் காசுக்குக் காற்றழுத்தம் பார்க்கும் ஒரு நல்ல கேஜ் வாங்கலாம். சூடு 10 டிகிரி ஏறினால் காற்றழுத்தம் சுமார் 2 பிஎஸ்ஐ ஏறும். கத்திரி வெயிலில் ஓட்டிக்கொண்டு வந்து, மத்தியானம் பார்த்துவிட்டு 'அதிகமா இருக்கு' என்று காற்றை இறக்குகிறவர்கள் நிறைய. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் பாருங்கள். ரன்ஃப்ளாட் என்றால் கட்டாயம் பாருங்கள், காற்று இறங்கினாலும் அது குண்டாகவே நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. எச்சரிக்கை விளக்கை மட்டும் நம்பிக்கொண்டிருக்காதீர்கள்.

காட்பாடி_கூரைதிறப்பு
சரி, இப்படிச் செய்யப் போகிறேன். முதலில் புஷ், சக்கரக் கோணம் சரிபார்க்கும் அலைன்மெண்ட். அது சரியான பிறகு நாலும் சாதா டயர், பைலட் ஸ்போர்ட் 4எஸ், தேதி பார்த்துத்தான் வாங்குவேன். டிக்கியில் பம்ப், ஓட்டையை அடைக்கும் சீலண்ட் பாட்டில், ஸ்ட்ரிப் கிட். மணி அண்ணன் சொன்ன ராத்திரிக் கணக்கு எனக்கும் உறுத்துகிறது, ஆனால் நான் ராத்திரியில் ஹைவே ஏறுவது அபூர்வம். மழையில் வாணியம்பாடியில் மாட்டுவதைவிட, ஒவ்வொரு நாளும் பாகாயம் ரோட்டுப் பள்ளத்தில் ரிம் அடிவாங்குவதுதான் என் பிரச்சினை.

மக்கன்பேடா_மணி
உங்கள் வண்டி, உங்கள் இஷ்டம். இன்சூரன்ஸில் டோயிங் சேர்ந்திருக்கிறதா என்று ஆர்டர் போடும் முன் பார்த்துவிடுங்கள், அதுவும் தட்டையான பிளாட்பாரத்தில் ஏற்றும் வண்டியாகக் கேளுங்கள். கழற்றிய முன்பக்க டயர் இரண்டையும் பழைய டயர்க்காரரிடம் போடாதீர்கள். என்னுடையதும் 225/40 தான். என்ன விலை, என்ன தேதி என்று தனியாக அனுப்புங்கள்.