புதுப்பிப்பு: வரத்துக்கால் ஓரத்து மனைகள்
மேலூர் பக்கம் எங்கள் கண்மாயின் (ஏரியின்) வரத்துக்கால், அதாவது கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால், அதன் ஓரத்தில் மனை போடுகிறார்கள், வரிசையாகச் செப்டிக் டேங்க் வந்தால் தண்ணீர் என்னாகும் என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது சர்வேயர் வந்து அளந்துவிட்டார். சாலைக்காகக் கொட்டிய கிராவல் பாதி வாய்க்காலை மூடிக் கிடக்கிறது. அதைக் கிளறியபோது பழைய எல்லைக்கல்லின் தலை தெரிந்தது. எல்லை எதுவென்று தெரிந்துவிட்டது, பெரிய நிம்மதி!

2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டப்படி நடவடிக்கை கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். ஆனால் அந்தச் சட்டம் கண்மாய் எல்லைக்குள்தான் செல்லும். கல்லுக்கு அந்தப் பக்கம் பட்டா நிலம். அங்கே கழிவுநீர்த் தொட்டியை வாய்க்காலிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லி, மனை அனுமதியின் நிபந்தனையிலேயே எழுதி வாங்க வேண்டும். ஏனென்றால் எங்கள் குடிநீர்க் கிணறு கண்மாய்க் கரைக்குக் கீழேதான் இருக்கிறது. அக்டோபர் 2 கிராமசபைக்குத் தீர்மானம் தயார். ஊர்க்காரர்கள் அவசியம் வாருங்கள்.