பொத்தானுக்குள் அடங்காத எழுத்து

கோலங்களுக்கென்று ஓர் இணையதளத்தை முதன்முதலில் வடிவமைத்தபோது, அது வேறு எவருடைய தளத்தைப் போலவும் இருக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். இணைப்புகளுக்கு அடிக்கோடு வைக்கவில்லை. படக்குறிப்புகளை வெள்ளைப் பின்னணியில் 999999 என்ற நிறக்குறியீடுள்ள வெளிர்சாம்பலில் மிக நளினமாக அமைத்திருந்தேன். மார்கழிதோறும் வாசலை நிறைக்கும் என் பெரியம்மா, கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோயும் தள்ளிப் பிடித்தும் பார்த்துவிட்டு, "எத்தனை புள்ளின்னு எழுதவே இல்லையேடி?" என்றார். "15 புள்ளி, ஊடுபுள்ளி 8 வரை" என்று படத்தின் கீழேயே எழுதியிருந்தேன். அவருக்குத்தான் அது தெரியவில்லை.

அன்றிரவே அளந்து பார்த்தேன். அந்தச் சாம்பலுக்கும் வெள்ளைக்கும் உள்ள ஒளிர்வு விகிதம் 2.85:1 மட்டுமே, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல்தன்மை வழிகாட்டுதல்களோ, இரட்டை ஏ எனும் நடுநிலைத் தகுதிக்கு, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும் என்கின்றன. சற்றே அடர்ந்த சாம்பலான 777777 கூட 4.48 என்று மயிரிழையில் தவறுகிறது, 767676 தேறிவிடுகிறது. நான் கரும்பழுப்புக்கு மாறினேன், அடிக்கோடுகளையும் திரும்ப வைத்தேன். வடிவமைப்பாளர் டேவ் ஷே 2003இல் தொடங்கிய சிஎஸ்எஸ் ஜென் கார்டன் என்ற தளத்தை அதன் பிறகுதான் நிதானமாகப் பார்த்தேன். பக்கத்தின் உள்ளடக்கத்தைத் தாங்கும் எச்டிஎம்எல்லில் ஓர் எழுத்தும் மாறாமல், தோற்றத்தை வகுக்கும் நடைத்தாளையும் (சிஎஸ்எஸ்) படங்களையும் மட்டும் மாற்றி, ஒவ்வொருவரும் முற்றிலும் தமக்கேயுரிய பக்கத்தை அங்கே உருவாக்கியிருந்தார்கள். அடிக்கோட்டை நீக்கியதையே தனித்தன்மை என்று எண்ணியிருந்த எனக்கு அது பெரிய பாடமாக அமைந்தது.

* * *

மேலே சகோதரி எழுதியது முற்றிலும் சரி. ஆயினும் விதியே பிசகிய ஓர் அனுபவம் எனக்கு உண்டு. ஒரு நிறுவனத்தின் தளத்தைத் தமிழில் அமைக்கும் பணியில் இருந்தபோது, பொத்தானின் அகலம், தலைப்பின் வரி உயரம் எழுத்தளவைப்போல் 1.1 மடங்கு என எல்லா அளவுகளும் ஆங்கில எழுத்தை மனத்தில் கொண்டே வடிவமைப்புக் கையேட்டில் வகுக்கப்பட்டிருந்தன. 'சப்மிட்' இருந்த இடத்தில் 'சமர்ப்பிக்கவும்' என்று இட்டால், 'சமர்ப்பிக்' என்பதோடு பொத்தான் முடிந்துவிடும்; தலைப்பு இரண்டு வரிகளுக்கு நீண்டாலோ, மேல்வரியிலுள்ள 'மூ'வின் கீழ்ச்சுழி, கீழ்வரியிலுள்ள 'தீ'யின் மேல்சுழியில் முட்டி நிற்கும். கையேட்டை மீறினால் ஒருமைப்பாடு கெட்டுவிடும் என்று பல வாரங்கள் மறுத்தார்கள். முட்டி நிற்கும் தலைப்புகளை எல்லாம் அச்செடுத்துக் கூட்டத்தில் மேசைமீது பரப்பி வைத்த பிறகே இசைந்தார்கள். தமிழுக்கு வரி உயரம் 1.5 ஆயிற்று, பொத்தான்கள் உள்ளிருக்கும் சொல்லுக்கேற்ப விரியத் தொடங்கின, நிறம், ஓரம், இடைவெளி ஆகிய மற்றவை கையேட்டில் உள்ளபடியே இருந்தன. மலையாளப் பக்கத்தைச் செய்துகொண்டிருந்தவர்கள் அடுத்த வாரமே வந்து, அதே மாற்றங்களைத் தங்களுக்கும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.