மலைச்சரிவில் வேலித்தூண்களை அர்ரே செய்த அனுபவம்

கோத்தகிரிக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில், காட்டெருமைகள் இறங்கும் ஓரமாகக் கம்பிவேலி போடுவதற்கு ஆட்டோகேட் என்னும் கணினி வரைபட மென்பொருளில் வரைபடம் தயாரித்தபோது நான் செய்த இரண்டு பிழைகளைப் பகிர்ந்துகொள்கிறேன்.

வரைபடத்தில் வேலியின் நீளம் 120 மீட்டர். தூணுக்குத் தூண் இடைவெளி 2.5 மீட்டர். ஒரு தூணை வரைந்து பிளாக்காக்கி (ஒரே பொருளாகத் தொகுத்து), வேலிக்கோட்டைப் பாதையாகக் காட்டி, ஒரு பொருளைப் பாதை நெடுக வரிசையாகப் படியெடுத்து வைக்கும் பாத் அர்ரே கட்டளையில், கொடுத்த எண்ணிக்கையைப் பாதை முழுதும் சம இடைவெளியில் பரப்பும் டிவைட் முறையைத் தேர்ந்து, 48 என்று எண்ணிக்கை கொடுத்தேன். அளந்து பார்த்தபோது இடைவெளி 2.55 மீட்டரைத் தாண்டியிருந்தது. 120-ஐ 2.5-ஆல் வகுத்துக் கிடைக்கும் 48, இடைவெளிகளின் எண்ணிக்கை. தூண்கள் 49 என்பதை மறந்துவிட்டேன். கொடுத்த இடைவெளியில் பொருள்களை வைத்துச் செல்லும் மெஷர் முறைக்கு மாற்றி 2.5 என்று கொடுத்ததும் 49 தூண்களும் சரியாக அமர்ந்தன. பிழையைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் பொருள் பட்டியலையும் அப்படியே அனுப்பிவிட்டேன்.

சில நாள் கழித்து மேஸ்திரி போன் செய்தார். "தம்பி, தரையோட டேப் புடிச்சு ரெண்டரை மீட்டருக்கு ஒரு குழி தோண்டிட்டோம். குழி அம்பத்து மூணு இருக்கு, தூண் நாப்பத்தொம்பதுதான் வந்திருக்கு." அவர்தான் தவறாக எண்ணியிருப்பார் என்று நான் முதலில் நினைத்தது இன்றும் உறுத்துகிறது. அந்த வேலியின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் 50 மீட்டர் உயர வேறுபாடு உண்டு. சரிவும் ஏறக்குறைய ஒரே சீரானது. கிடைமட்டத்தில் 120, உயரத்தில் 50 என்றால், சரிவின் வழியே நீளம் 130 மீட்டர். 52 இடைவெளிகள், 53 தூண்கள். மேஸ்திரியின் கணக்கு அப்படியே சரி.

திருத்தும்போது, டோட்டல் ஸ்டேஷன் என்னும் நில அளவைக் கருவியில் கிடைத்த மட்டங்களைக் கொண்டு, உயரமும் சேர்ந்த கோடான த்ரீடி பாலிலைன் வரைந்து, அதையே பாதையாகக் கொடுத்தேன். எண்ணிக்கை சரியாக வந்தது. ஆனால் பொருள்களைச் சாயவிடாமல் அவற்றின் மூல நிமிர்ந்த திசையிலேயே வைக்கும் இசட் டைரக்‌ஷன் என்னும் தெரிவு அணைந்திருந்ததால், உயரத்தோடு வரைந்திருந்த தூண்கள் அத்தனையும் சரிவோடு சேர்ந்து, காற்றில் விழப்போகும் சவுக்கு மரங்களைப் போலச் சாய்ந்து நின்றன. அதை இயக்கிய பின்பே நிமிர்ந்தன. மேலிருந்து பார்க்கும் தோற்றத்தில் இடைவெளி இப்போது 2.31 மீட்டர் என்று காட்டும். அலுவலகத்தில் யாரேனும் அதைப் பிழை என்று கருதித் திருத்திவிடக் கூடாதே என்று, 'இடைவெளி சரிவின் வழியே அளந்தது' என வரைபடத்திலேயே எழுதிவைத்தேன்.

*

பூம்பாறையில் பூண்டு விளையும் படிக்கட்டு வயல்களுக்கு ஸ்பிரிங்ளர் வரிசை வரைந்தவன் நான். வயலின் ஒவ்வொரு படியும் மட்டமாக இருப்பதால், மேலே எழுதிய கோத்தகிரி நண்பருக்கு வந்த சிக்கல் எனக்கு வரவில்லை. சர்வேயர் கொடுத்த காண்டூர் கோடு (ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடு), பார்வைக்கு ஒரே கோடாக இருந்தாலும், உண்மையில் பல துண்டுகளாக இருந்ததுதான் என்னைத் தடுமாற வைத்தது. துண்டுக்கு ஒன்றாக அர்ரே போட்டதில், ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் இடைவெளி புதிதாகத் தொடங்கி, சில இடங்களில் இரண்டு ஸ்பிரிங்ளர்கள் ஓரடி தள்ளி ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. கோடுகளைத் திருத்தும் பெடிட் கட்டளையில் ஜாயின் கொடுத்துக் கோட்டை ஒன்றாக்கியதும் அது தீர்ந்தது.

ஆட்டோகேட் 2012 பதிப்பில் பாதையோடு பிணைந்தே இருக்கும் அசோசியேட்டிவ் அர்ரே வந்த பிறகு, பாதையை நகர்த்தினால் பொருள்களும் கூடவே நகர்கின்றன. என் வரைபடத்தை வாங்கிய ஒருவர் அதை எக்ஸ்ப்ளோட் செய்து (தனித்தனிப் பொருள்களாகப் பிரித்து) திருப்பி அனுப்பியதால் அந்த வசதி போய்விட்டது. வயலோரம் ஒரு மீட்டர் உள்ளே தள்ளியபோது முழு வரிசையையும் மறுபடி போட்டேன். இப்போதெல்லாம் அர்ரே உள்ள மூலக் கோப்பை என்னிடம் வைத்துக்கொண்டு, நகலை மட்டுமே கொடுக்கிறேன்.