குகைச் சுவரில் பச்சைப் படலம்: பாசியா, சயனோபாக்டீரியாவா?

பால்மரத்தடி (சுங்கை சிப்புட், மலேசியா):
ஊருக்கு வெளியே சுண்ணாம்புக்கல் மலை. குகை வாயிலில் வெளிச்சம் மங்கும் இடத்தில் நீலம் கலந்த பச்சைப் படலம். சாமி மேடை விளக்கைச் சுற்றி இன்னொரு பச்சை. உள்ளே வெள்ளைப் புள்ளிகள். எது ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா (அதாவது சயனோபாக்டீரியா), எது பாசி என்று ஐந்தாம் படிவ மாணவர்கள் பிரித்துச் சொல்ல வேண்டும். பள்ளியில் 400 மடங்கு நுண்ணோக்கியும் அயோடினும் உண்டு.

சுண்ணாம்புமலை:
வெள்ளைப் புள்ளிகளை விட்டுவிடுங்கள் டீச்சர். வெளிச்சமே எட்டாத இடத்தில் இருப்பவை பெரும்பாலும் ஆக்டினோபாக்டீரியா, ஒளிச்சேர்க்கை கிடையாது.

பச்சையை நகக்கண் அளவு சுரண்டினால் போதும். கோயில் கமிட்டியிடம் முதலில் கேளுங்கள். வௌவால் எச்சம் இருந்தால் என்95 முகக்கவசம் கட்டாயம். ஒரு துளி நீரில் பரப்பிப் பாருங்கள்: பச்சையம் தனிப் பையில் அடைந்திருந்தால் பாசி, உயிரணு முழுக்க ஒரே பச்சையாக இருந்தால் சயனோபாக்டீரியா. அயோடின் விட்டால் பச்சைப்பாசியின் மாவுச்சத்து கருநீலமாகும், மற்றது பழுப்பாகவே நிற்கும். அயோடின் கெட்டியாக இருந்தால் எல்லாமே பழுப்புதான். வெளிறிய தேநீர் நிறத்துக்கு நீர் சேருங்கள்.

கல்தூள் மறைக்கிறதே என்று உடனே அமிலம் விடாதீர்கள். சைட்டோனீமா ஜூலியானம் என்ற குகைச் சயனோபாக்டீரியாவின் இழைக்குத் தன் மேலேயே சுண்ணாம்பு உறை உண்டு. அமிலம் பட்டால் நுரைத்துக் கரைந்துவிடும், அடையாளமும் போச்சு. படம் எடுத்த பிறகே அமிலம்.

குமுதா_லேப்:
நுண்ணோக்கியில் சந்தேகம் வந்தால் ஃபிரிட்ஜ் போதும். படலத்தை 2 மில்லி நீரில் போட்டு ஐஸ் ஆக்கி, வெளியே வைத்து உருக்குங்கள். மூன்று முறை. மேலே தெளியும் நீர் நீலமானால் அது ஃபைகோசயனின், சயனோபாக்டீரியாவின் நீலச் சாயம். பச்சையம் நீரில் கரையாது. வெள்ளைத்தாளை பின்னால் வைத்துப் பாருங்கள், சாயம் மெலிதாகத்தான் இருக்கும். அவசரத்துக்குக் கொதிநீர் ஊற்றினால் நீலம் வெளுத்துவிடும். வழுவழுப்பான உறை உள்ளவை உடையாது, சுத்தமான மணலோடு அரையுங்கள். செம்பாசியும் இதே சாயம் தரலாம் என்பதால் நுண்ணோக்கியை விடக்கூடாது.

பால்மரத்தடி:
வெளிச்சம் அளக்கும் லக்ஸ் மீட்டர் பூஜ்ஜியம் காட்டும் இடத்திலும் பச்சை தெரிகிறதே?

சுண்ணாம்புமலை:
அந்த மீட்டர் மனிதக் கண்ணுக்கானது. 700 நானோமீட்டர் தாண்டிய, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிவப்பு ஒளியை அது எண்ணாது. ஆஸ்திரேலியாவின் ஜெனோலன் குகையில் குளோரோஃபில் எஃப் என்ற பச்சைய வகையை வைத்து அந்த ஒளியிலேயே வாழும் சயனோபாக்டீரியாவை 2015ல் விவரித்தார்கள்.

குமுதா_லேப்:
பேரினம் வரை போக வளர்ப்பு வேண்டும்: பிஜி-11 எனும் சயனோபாக்டீரியா வளர்ப்பு ஊடகம், அதில் லிட்டருக்கு 1.5 கிராம் சோடியம் நைட்ரேட். ஜன்னல் வெயிலில் வைத்தால் குகை இனம் வெளுத்துச் செத்துவிடும்; மங்கிய ஒளியில் வாரக்கணக்கில் விடுங்கள். விளக்கடிப் படலத்தைத் தனிக் குப்பியில் எடுங்கள், அங்கே பாசியும் பாக்டீரியாவும் கலந்தே இருக்கும்.